பென்சிலில் நிற்கும் உன் அப்பா

அன்பு மகனுக்கு,

நீ சுகமோ என்று இதில் கேட்கப் போவதில்லை. நேற்றுத்தான் உன் குரலைக் கேட்டேன். தடிமன் பிடித்து மூக்கால் கதைத்தாய். அந்தக் குளிருக்குள் காதை மூடாமல் திரிந்திருக்கிறாய். என் சுகத்தையும் எழுதப் போவதில்லை. முழங்கால் உளைவு இருந்த இடத்திலேயே இருக்கிறது, நாக்கும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எழுதவேண்டியது வேறு. போன மாதம் நீ, "அம்மா, பிள்ளையின்ரை கலியாணத்துக்குச் சுன்னாகத்து மாமிக்குச் சொல்லவேணுமெல்லே?" என்று கேட்டாய். கேட்டதும் தொலைபேசி அறுந்துபோனது. லைனில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பாய். கோளாறு ஒன்றுமில்லை, நான்தான் அறுத்தேன். பிறகு நீ திரும்பத் திரும்ப எடுத்தபோது அது தலையணைக்குக் கீழே கிடந்து சிணுங்கியது. அதற்குப் பிறகு நாள்தோறும் கதைக்கிறாய், ஆனால் மாமியைப் பற்றி மூச்சு விடவில்லை. நீர்வேலியில் மழையோ, வாழைக்குலை என்ன விலை என்று கேட்கிறாய். நீ என்றைக்கு வாழைக்குலை விலை கேட்டவன்? அப்படியே உன் அப்பா.

அந்தக் கேள்விக்குப் பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வசனம் சொல்லி முடிக்கமுன் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று மூன்று தரம் சொல்லிவிடுவாய். அது கேட்கிற ஓம் இல்லை, கதையை முடிக்கிற ஓம். கடிதத்துக்குள் நீ ஓம் போட முடியாது. எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வாழைத்தோட்டத்துக்குள் இறங்கியவள் நான். பிழை கிடந்தால் உன் மகளிடம் கொடுத்துத் திருத்துவிக்காதே, அவளுடைய தமிழ் என்னுடையதைவிட மோசம். நீயே ஆறுதலாக இருந்து வாசி.

எங்கள் வாசிகசாலையில் கொஞ்சப் பேர் சேர்ந்து ஊர்ச் சரித்திரம் எழுதுகிறார்கள் என்று முன்பொருநாள் சொன்னேன், நினைவிருக்கும். சம்பளமில்லாத வேலை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது அனேகம் பேரிடம் படமும் இல்லை, பத்திரமும் இல்லை. இனி ஆட்களின் தலைக்குள் கிடப்பதைத்தான் எடுத்து எழுதவேண்டும், தலைகளும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன என்று வீடு வீடாகக் கேட்டுத் திரிகிறார்கள். அதில் முன்னுக்கு நிற்பவள் எஸ்தர் ரீச்சர். கொழும்புத்துறைப் பிள்ளை, கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம், படிப்பித்து ஓய்வுபெற்றவள். கூடத் திரிபவன் நந்தன், ஓட்டோ ஓடுகிறவன். அவனுக்கு எழுத்து முத்து முத்தாக இருக்கும். மற்றவர்கள் வெளிநாடுகளில் இருந்துகொண்டு தங்கள் தங்கள் கிளையை அனுப்புகிறார்கள். நோர்வேயில் இருந்து ஒருத்தி, தன் பாட்டனார் பெரிய வைத்தியர் என்று எழுதுவித்தாள். நான் எஸ்தரிடம், "பிள்ளை, அவர் வைத்தியர் இல்லை, மாட்டுக்குக் குறி சுட்டவர்" என்று சொன்னேன். எஸ்தர் சிரித்துவிட்டு, "அதுகும் வைத்தியம்தானே ஆச்சி" என்று அப்படியே விட்டுவிட்டாள். எனக்கு அது இன்னும் பொறுக்கவில்லை.

முதலில் என்னிடம் கேட்க வந்தார்கள், பிறகு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். வயதுபோனவர்கள் எஸ்தரைக் கண்டால் அரசாங்க உத்தியோகத்தர் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். நான் போய்ப் பக்கத்தில் இருந்து, "என்னடி, உன்ரை கொப்பர் இரண்டாந்தாரம் கட்டினது எந்த ஊரிலை?" என்று கேட்டால் சண்டைக்காவது வாயைத் திறப்பார்கள். அதுதான் என் வேலை. ஒரு சங்கடம் என்னவென்றால், எனக்குக் கொண்டாட்டம், போக்குவரத்து இல்லாத வீடுகள் ஊருக்குள் கொஞ்சம் அதிகம். அந்த வீட்டு வாசல் படலைகள் வந்தால் நான் ஓட்டோவுக்குள் இருந்துகொள்வேன், நந்தன் மட்டும் உள்ளே போவான். ஒருநாள் ஒரு ஒழுங்கை முழுக்க நான் இறங்கவேயில்லை. நந்தன் திரும்பிப் பார்த்து, "ஆச்சி, நீங்கள் இறங்கக்கூடிய வீடு எங்கையாவது இருக்கோ? இல்லாட்டி நான் உங்களை மத்தியானத்துக்குக் கொண்டுபோய் விடட்டே?" என்று கேட்டான். எஸ்தருக்கு ஒரு கண்டிப்பு உண்டு: உறவை எழுதுவோம், சண்டையை எழுதமாட்டோம். நான் சொல்வதில் பாதியை அவள் எழுதாமல் விடுவது அதனால்தான்.

அவர்கள் வேலை செய்யும் விதத்தை உனக்குச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. வாசிகசாலைச் சுவரில் வெள்ளைத் தாள்களை நீளத்துக்கு ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெட்டி. ஆளோடு ஆளைத் தொடுக்கும் கோடு முதலில் பென்சிலில்தான் விழும். இரண்டு வீட்டுக்காரரிடமும் தனித்தனியே கேட்டு, இரண்டு வாயும் ஒரே கதையைச் சொன்னால்தான் நந்தன் அதன்மேல் மையால் கீறுவான். கலியாணக் கோடும் அப்படித்தான், சகோதரக் கோடும் அப்படித்தான். நல்ல ஒழுங்குதான். ஆனால் ஒன்றை அவர்கள் யோசிக்கவில்லை. எங்கள் ஆட்களிடம் சொந்தக்காரர் ஆர் என்று கேட்டால், இப்போது கொண்டாட்டத்தில் இருக்கும் ஆட்களைத்தான் சொல்வார்கள். போக்குவரத்து இல்லாதவன் அண்ணனாக இருந்தாலும் வாயில் வரமாட்டான்.

என் முறை வந்தபோது என் வீட்டு விறாந்தையில் இருந்து நந்தன் கேட்டான், எஸ்தர் எழுதினாள். உன் அப்பாவின் பெயரை நான் என் வாயால் சொன்னதில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. அலுமாரிக்குள் இருந்து அவருடைய அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். சிவசுப்பிரமணியம் என்று பதிந்தார்கள். என் மாமன் மாமியின் பெயரையும் சொல்லக்கூடாது என்றேன், அந்தப் பெட்டிகளை வெறுமையாக விட்டார்கள். "அவருக்குச் சகோதரம் ஆரும் இருக்கினமோ ஆச்சி?" என்று நந்தன் கேட்டான். நான் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தனிப்பிள்ளை" என்றேன். இதிலே கூசுவதற்கு ஒன்றும் இல்லை. மச்சாள் என்று ஒருத்தி எனக்கு இல்லையென்று நான் எப்போதோ தீர்த்துவிட்டேன்.

ஏன் தீர்த்தேன் என்பது உனக்கு அரையும் குறையுமாகத்தான் தெரியும். நீ அப்போது காற்சட்டைப் பெடியன். மாமியின் மூத்தவளுக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது. உன் அப்பாவுக்கு மாமி ஒருத்திதான் அக்கா, அவர்களுக்கும் நாங்கள்தான் முதல் வீடு. கலியாணத்துக்குச் சொல்வதென்றால் எப்படி? உள்ளே வந்து, கதிரையில் இருந்து, குங்குமம் சந்தனம் தந்து, வெற்றிலை வைத்து, நீங்கள் முன்னுக்கு நின்று நடத்தவேணும் என்று சொல்லவேண்டும். உன் மாமி என்ன செய்தாள்? படலைக்கு வெளியே நின்று உன்னைக் கூப்பிட்டு, "கொம்மாட்டைச் சொல்லு, கலியாணம் எண்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். நான் குசினிக்குள் அவளுக்கென்று தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். நீ ஓடிவந்து சொன்னாய். நான் அடுப்பை அணைத்தேன். அந்தக் கலியாணத்துக்கு இந்த வீட்டில் இருந்து ஒருவரும் போகவில்லை. உன் அப்பா ஒரு சொல் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை, போகவேண்டாம் என்று சொல்லவும் இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கிவிட்டார்.

பிறகு அவள் ஊருக்குள் சொன்ன சாட்டு என் காதுக்கும் வந்தது. எங்கள் வீடு துடக்கு வீடாம், அதனால்தான் உள்ளே வரவில்லையாம். துடக்கென்றால் உனக்கு மறந்திருக்கும்: செத்தவரின் ஆண்வழி உறவுக்காரர் வீட்டுக்குள், முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை, நல்ல காரியம் வைத்திருப்பவர்கள் கால் வைக்கமாட்டார்கள். அந்தக் கிழமை அப்பாவுக்குச் சிற்றப்பன் முறையான ஒரு கிழவர் போயிருந்தார், அது உண்மை. கட்டிப்போன மாமிக்கு அந்தத் துடக்கு இல்லை. ஆனால் அவரின் துடக்கு எங்களுக்கு இல்லை என்று நான் அன்று தொட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னதை ஆர் கேட்டது? அப்பாவின் செத்த வீட்டுக்கு மட்டும் அவள் வந்தாள். கெட்டதுக்குச் சொல்லி அழைப்பதில்லைத்தானே. வந்து, காலடியில் இருந்து அழுது, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போனாள். நானும் குடியுங்கோ என்று சொல்லவில்லை.

இனி இந்த மாதக் கதைக்கு வா. சுவரில் எல்லாத் தாள்களும் ஒட்டியாயிற்று, ஊரவர் வந்து பார்த்துப் பிழை சொல்லலாம் என்று எஸ்தர் அறிவித்தாள். நானும் நல்ல சேலை ஒன்று உடுத்திக்கொண்டு போனேன். எங்கள் பெட்டிகளைக் கண்டேன்: உன் அப்பா, நான், நீ, உன் மனைவி, உன் மகள். அழகாகத்தான் இருந்தது. அப்படியே கண்ணை அடுத்த தாளுக்கு விட்டேன். அது சுன்னாகத்துப் பக்கம், நந்தனுடைய கூட்டாளிகள் கேட்டு எழுதியது. அங்கே உன் மாமியின் பெட்டி, பூமணி என்று. அதற்குப் பக்கத்தில் ஒரு தம்பி. ராசு. உன் அப்பாவை வீட்டில் கூப்பிடும் பெயர். ராசுவுக்குக் கீழே அடைப்புக்குள் ஒரு சொல் எழுதியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். மணமாகாதவர்.

மகனே, என் உடம்பு என்னவாகியிருக்கும் என்று நீயே யோசித்துப் பார். இங்கே ஒரு மனிதர், பெண்சாதி பிள்ளையோடு, அக்கா இல்லாமல். அங்கே அதே மனிதர், அக்காவோடு, பெண்சாதி பிள்ளை இல்லாமல். ஒரு ஆளை இரண்டாக்கிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்று கட்டைப் பிரமச்சாரி! பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் நிமிர்ந்து பார்க்கும்படி சத்தம் போட்டேன்.

"ஆரடா எழுதினது இதை? என்ரை மனுசனுக்குக் கலியாணமே ஆகேல்லையோ? அப்ப நான் ஆர்? உந்தக் கனடாவிலை கிடக்கிறவன் ஆற்றை பிள்ளை?"

நந்தன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஓடிவந்தான். "பொறுங்கோ ஆச்சி. சுன்னாகத்து ஆச்சி தன்ரை வாயாலை சொன்னவ. எனக்கொரு தம்பி, அவன் கலியாணம் கட்டேல்லை எண்டு. எங்களுக்கு எப்பிடித் தெரியும், ராசுவும் உங்கடை அவரும் ஒராளெண்டு? நீங்கள் தனிப்பிள்ளை எண்டெல்லோ சொன்னியள்?"

"நான் சொன்னது வேறை! அவள் எப்பிடிச் சொல்லலாம்?"

எஸ்தர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. நல்ல பிள்ளை என்று நினைத்திருந்தேன், அன்றைக்கு அவள் பெயரும் என் தலைக்குள் கொஞ்சம் கறுத்தது. பிறகு தன்னை அடக்கிக்கொண்டு, "ஆச்சி, இதை நாங்கள் திருத்தேலாது. இரண்டு வீடும் ஓமெண்டால்தான் கோடு. நீங்கள் அவவிட்டைப் போகவேணும், இல்லாட்டி அவ உங்களிட்டை வரவேணும்" என்றாள். நான், "ஓட்டோவை எடடா" என்றேன். சமாதானத்துக்குப் போகவில்லை. அதை நீ முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். என் கலியாணத்தை மீட்கப் போனேன்.

சுன்னாகத்துக்குப் போகும்வரை மனதுக்குள் வசனங்களை அடுக்கிக்கொண்டு போனேன். எஸ்தர் தாள்களைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். உன் மாமி வீட்டுப் படலை அதே இடத்தில், அதே மாமரத்துக்குக் கீழேதான் இருக்கிறது. அவள் முற்றத்தில் கதிரை போட்டுச் சின்ன வெங்காயத்தைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் வயது போய்விட்டது. நான் படலையைத் திறக்கவில்லை. வெளியே நின்றேன்.

"ஆரது படலையிலை?"

"உங்கடை தம்பி கட்டாத பெண்சாதி."

அவள் கையில் இருந்த கத்தி நிற்கவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "அப்பிடியெண்டால் நீர் ஆரெண்டு எனக்குத் தெரியாது. என்ரை தம்பி தனிப்பிள்ளையாமே? நேற்று ஒரு பெடியன் போனிலை வாசிகசாலைத் தாளின்ரை படத்தைக் காட்டினவன். நான் தம்பியைத் தூக்கி வளர்த்தனான், நான் இல்லையாம். நல்லாயிருக்கு. உள்ளுக்கு வாரும்."

"ஏன் உள்ளுக்கு? படலையிலை நிண்டு கதைச்சுப்போட்டுப் போறதுதானே உங்கடை பக்கத்து முறை."

"ஆச்சி, வெயில் சுடுது" என்றாள் எஸ்தர், பின்னால் நின்று.

"சுடட்டும். நான் வாழைக்குள்ளை நிண்டு காய்ஞ்சவள்."

அப்போதுதான் அவள் கத்தியை வைத்தாள். "நான் என்ன ஆசையிலையே அண்டைக்குப் படலையிலை நிண்டனான்? என்ரை பிள்ளையின்ரை நல்ல காரியத்தை வைச்சுக்கொண்டு துடக்கு வீட்டுக்குள்ளை எப்பிடி வாறது?"

"எங்களுக்குத் துடக்கு இல்லை!"

"சிற்றப்பன் செத்தால் துடக்கில்லாமல் என்ன, தீபாவளியே?"

எஸ்தர் பாவம், இந்தச் சண்டை தனக்கு விளங்கக்கூடிய சண்டை என்று கண்டதும் முகம் மலர்ந்துபோனாள். ஓட்டோவின் முன்பக்கத்தில் தாளை விரித்து, விரலை வைத்து ஏறினாள். செத்த கிழவரின் பெட்டி, அவரின் தாய், தாயின் முதல் புருசன். அந்த மனிசி இரண்டாந்தாரமாக எங்கள் குடும்பத்துக்கு வந்தபோது இடுப்பில் கொண்டுவந்த பிள்ளைதான் அந்தக் கிழவர். இரண்டு வீட்டு வாயாலும் சொல்லி, மையால் கீறிய கோடு. "சிற்றப்பன் எண்டு கூப்பிட்டிருக்கிறீங்கள், ஆனால் ஆண்வழி இல்லை. இந்த ஆச்சி சொல்லுறது சரி. துடக்கு இல்லை" என்றாள். வேதக்காரி ஒருத்தி எங்கள் துடக்குக்குத் தீர்ப்புச் சொல்ல நான் படலையில் நின்று கேட்டேன். எவ்வளவு காலம் காத்திருந்த தீர்ப்பு! நான் ஆடாத குறை.

ஆனால் உன் மாமி என்னைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டு, "அப்ப அவன் ஏன் அப்பிடிச் சொன்னவன்?" என்றாள்.

"எவன்?"

"உம்மடை மனுசன்தான். வாழைக்குலையோடை சந்தைக்கு வந்து நிண்டவன். நாளைக்குக் கலியாணத்துக்குச் சொல்ல வாறன் எண்டு நான் சொல்ல, 'அக்கா, எங்களுக்குத் துடக்கு. உள்ளுக்கு வராதை. படலையிலை நிண்டு பெடியனிட்டைச் சொல்லிப்போட்டுப் போ, நான் அவளுக்கு விளங்கப்படுத்துறன்' எண்டு சொன்னவன். நான் அவன்ரை சொல்லைக் கேட்டுத்தானே நிண்டனான்!"

மகனே, நான் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். என் கால் என்னைக் கேட்டுப் போகவில்லை. போய் வெங்காயத் தோலுக்கு மேலேயே இருந்துவிட்டேன். விளங்கப்படுத்துகிறேன் என்று சொன்ன மனிதர் எனக்கு ஒரு சொல் விளங்கப்படுத்தவில்லை. மண்வெட்டியோடு தோட்டத்துக்கு இறங்கியவர், சாகும்வரை அந்தக் கதையில் இருந்து ஏறி வரவேயில்லை.

"ஏன் மச்சாள் அவர் அப்பிடிச் சொன்னவர்?" என்று கேட்டேன். மச்சாள் என்று வாயில் வந்துவிட்டது. அவளும் கவனித்தாள்.

"ஏனெண்டு உமக்குத் தெரியாதே? அந்தப் பொங்கலுக்கு நீர் குடுத்துவிட்ட முறுக்கை உரலிலை போட்டு இடிச்சுத்தான் திண்டனாங்கள் எண்டு நான் ஆரிட்டையோ சொன்னது உமக்கு வந்திருக்கும். நீர் கொதிச்சுக்கொண்டு நிண்டிருப்பீர். ரெண்டு பேரும் முகத்துக்கு முகம் கண்டால் கலியாணம் குழம்புமெண்டு பயந்துபோனான். அவன் சின்னனிலையும் அப்பிடித்தான். அம்மா தடி எடுத்தால், 'ஓம் அம்மா, ஓம் அம்மா' எண்டு சொல்லிக்கொண்டே கோடிப்பக்கத்தாலை நழுவிடுவான்."

ஓம் அம்மா, ஓம் அம்மா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. பல்லில்லாத இரண்டு கிழவிகள் வெங்காயத்துக்கு நடுவில் இருந்து, செத்துப்போன ஒரு மனிதரை மாறி மாறித் திட்டினோம். அவள் அவரை அவன் இவன் என்று திட்டினாள், நான் மரியாதையாகத் திட்டினேன். அவர் ஒவ்வொரு சந்தைக்கும் இந்த முற்றத்துக்கு வந்து, இதே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவாராம். "என்னிட்டை, குலை விலைபோகேல்லை, அதுதான் சுணங்கினது எண்டெல்லோ சொல்லுறவர்!" என்றேன். "குலையெல்லாம் காலமையே வித்துப்போடுவான்" என்றாள். பிறகு, "அவன் மட்டுமே? உம்மடை மோனும் சைக்கிளிலை வாறவன். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலமெண்டால் ஒருநாள் விடான். திண்டுபோட்டு எங்கடை கிணத்தடியிலை வாயைக் கழுவித் துடைச்சுக்கொண்டுதான் போறவன், அம்மா கண்டிடுவா எண்டு" என்றாள்.

"கழுவி என்ன? மாம்பால் பட்ட தழும்பு கடைவாயிலை கறுத்துப்போய்க் கிடக்கிறது எனக்குத் தெரியாதே?"

தெரியும் மகனே. ஒவ்வொரு வருசமும் தெரியும். எங்கள் வளவில் கறுத்தக்கொழும்பான் இல்லை, சுன்னாகத்தில் அந்தப் படலைக்கு மேலே நிற்கிற மரம் எனக்குத் தெரியாததா? நீ அப்பாவைப்போல் ஒன்றும் நடக்காதது போல வந்தாய், நானும் காணாதது போல இருந்தேன். அந்த வீட்டு மாம்பழத்தோடு எனக்குக் கோபம் இல்லை.

உன் மச்சாள், அந்தக் கலியாணப் பெண்தான், இப்போது அவளுக்கே தலை நரைத்துவிட்டது, எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்தேன். சீனி கூட. நந்தன் மைப்பேனையை எடுத்து மூடியைக் கழற்றிக்கொண்டு, "அப்ப ரெண்டு ஆச்சிமாரும் ஓமோ? ரெண்டு ராசுவையும் ஒண்டாக்கி, கலியாணக் கோட்டையும் சகோதரக் கோட்டையும் கீறட்டோ?" என்று கேட்டான். நான் ஓம் என்றேன். அவள் கையைத் தூக்கினாள்.

"பொறு தம்பி. பேத்திக்கு ஆனியிலை கலியாணமாமே, ஊரெல்லாம் சொல்லுது. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"இப்ப சொல்லுறன். வாங்கோ மச்சாள்" என்றேன்.

"இதென்ன, சண்டைக்கு வந்த வாக்கிலை கலியாணத்துக்குச் சொல்லுறதே? தட்டமும் இல்லை, வெத்திலையும் இல்லை. என்னை உரலிலை இடிச்ச முறுக்கெண்டு நினைச்சீரோ? பெட்டைக்குத் தேப்பன் வந்து, உள்ளுக்கு இருந்து, முறையாய்ச் சொல்லட்டும். அவன் சொன்னாப் பிறகு மையைப் போடு. அதுவரைக்கும் பென்சிலிலை நிக்கட்டும் என்ரை தம்பி."

அவள் கேட்டது நியாயம். நான் அவளுடைய இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன், இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டிருப்பேன். வரும்போது ஒரு பை வெங்காயம் தந்தாள். ஓட்டோவுக்குள் எஸ்தர், "ஆச்சி, இதைச் சரித்திரத்திலை எழுதலாமோ?" என்று கேட்டாள். "சண்டையை எழுதுறேல்லை எண்டு நீர்தானே சொன்னீர்" என்றேன். "இது சண்டையோ?" என்றாள். கறுத்திருந்த அவள் பெயரை என் தலைக்குள் மீண்டும் வெளுக்க வைத்துவிட்டேன்.

ஆகவே நீ கேட்ட கேள்விக்குப் பதில் இது: ஓம், மாமிக்குச் சொல்லவேண்டும். நீதான் சொல்லவேண்டும். வட்சப்பில் பூவும் விளக்கும் ஆடுகிற படம் அனுப்பிச் சொல்லக்கூடாது. உன் மனைவியின் அண்ணனிடம் சொல்லி அனுப்பக்கூடாது. வந்து இறங்கியதும், சூட்கேசைத் திறக்கமுன், கிணற்றில் இரண்டு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டு வேட்டி கட்டு. தட்டமும் வெற்றிலையும் நான் எடுத்து வைத்திருப்பேன். நந்தன் ஓட்டோவோடு நிற்பான். நானும் உங்களோடு வருவேன், ஆனால் வாயைத் திறக்கமாட்டேன். சொல்வது நீயும் உன் மனைவியும்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதுதான் நான் எழுத இருந்ததன் முழுக் காரணம். கலியாணப் பெண்ணுக்குத் தகப்பன் என்றால் இனி உன் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று இழுப்பார்கள். மனைவி ஒரு பக்கம், சம்பந்தி ஒரு பக்கம், நான் எப்படியும் ஒரு பக்கம். உன் அப்பா தங்கமான மனிதர். அவரைப்போல ஒரு மனிதரோடு வாழக் கொடுத்துவைக்க வேண்டும். ஆனால் சண்டைக்குப் பயந்து ஒரு சின்னப் பொய்யைச் சொல்லி, இரண்டு பேரை ஒருவரையொருவர் காணாமல் பண்ணிவிட்டார். நாங்கள் அன்றைக்கு முகத்துக்கு முகம் கண்டிருந்தால் முறுக்குச் சண்டை ஒருநாள் நடந்திருக்கும், ஒரு கிழமை நடந்திருக்கும், பிறகு கலியாணப் பலகாரம் சுட நான்தான் போய் அடுப்படியில் நின்றிருப்பேன். பெண்கள் சண்டை பிடிக்கட்டும், விடு. நீ இடையில் நின்று தோட்டத்துக்கு இறங்காதே. உங்கள் ஊரில் தோட்டம் இல்லை, நீ போனைப் பார்த்துக்கொண்டு நிலக்கீழ் அறைக்கு இறங்குவாய் என்று உன் மனைவி சொன்னாள். இறங்காதே.

எனக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நீ நினைக்கவேண்டாம். முறுக்கை உரலில் இடித்ததற்கு அவள் இன்னும் ஒரு நல்ல சொல் சொல்லவில்லை. அது என்னோடு இருக்கட்டும். கலியாணத்துக்கு நானே முறுக்குச் சுடப்போகிறேன், அவள் வரும் பந்தியில் நானே வைக்கப்போகிறேன், பல்லில்லாத வாயால் அவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்கலாம்.

நேற்றும் வாசிகசாலைக்குப் போனேன். இரண்டு பெட்டிகளையும் அழித்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். உன் அப்பா நடுவில் நிற்கிறார், ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் நான். இரண்டு கோடும் பென்சில். மெல்லிசாக, ஒரு விரல் பட்டால் அழிந்துவிடும் போலத்தான் இருக்கிறது. அந்தச் சுவருக்குக் கிட்டப் போகிற எல்லாரையும் தள்ளி நின்று பார்க்கச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறேன். நந்தன் மைப்பேனையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறான்.

சுன்னாகத்து மரத்தில் பிஞ்சு பிடித்திருக்கிறது, நீ வரும்போது பழுக்கும். மாமி உனக்கென்று வெட்டி வைப்பாள். உள்ளே இருந்து, ஆறுதலாகத் தின்றுவிட்டு, இந்த முறை வாயைத் துடைக்காமல் வா.

உன் அம்மா